தொந்தரவில்லாத புள்ள

இல்ல மிஸ், அந்தக் கெமராவ மொதல்ல பைக்குள்ள வையுங்க. வச்சிட்டீங்களா? இப்ப இந்த பெஞ்சில ஒக்காருங்க. அந்த ஓரம் வேணாம், ஆடும். மெதுவாப் பேசுவோம், உள்ள பதினோரு புள்ளைங்க இப்பத்தான் கண்ணசந்திருக்குங்க. வேலைக்குப் போறவங்க புள்ளைங்கள விட்டுட்டுப் போற இந்தப் புள்ளக்காம்பராவுல இந்த ஒரு மணி நேரந்தான் எனக்கு ஓய்வு. அதுலயும் ஒரு கண்ணு தொட்டில் மேலதான் இருக்கும்.

ஒங்க மேல கோவம் இல்லீங்க. நீங்க யாழ்ப்பாணத்துலருந்து வந்து அட்டன்ல ரூம் எடுத்துத் தங்கி, இந்த மழைக்குள்ள அட்டைகிட்ட கடி வாங்கிக்கிட்டு ஏறி வந்திருக்கீங்க. கேதீஸ்வரின்னு பேரும் அழகாத்தான் இருக்கு. ஒங்க மேல எனக்கு என்னா கோவம்? ஒங்கள அனுப்புனாங்களே அந்த நிறுவனம், அத நெனச்சாத்தான் வாயெல்லாம் கசக்குது. அந்தக் கடுதாசிய இன்னொரு தடவ வாசிங்க. சிறந்த குழந்தைப் பராமரிப்பாளர், சண்முகவடிவு அவர்கள். பொன்னாட, சான்றிதழ், கேடயம். கேடயத்த வச்சிக்கிட்டு நான் யாரோட சண்டைக்குப் போறது?

விருது வேணாம்னா வேணாந்தான். ஆனா காரணம் எழுதாம நீங்க திரும்பிப் போவ ஏலாதுங்குறீங்க. சரி, சொல்றேன். நீங்க எழுதுறத எழுதுங்க.

இங்க எங்கிட்ட வளந்த பிரியந்திங்குற புள்ள மொத மொதல்ல பேசுன வார்த்த ஆயான்னு அந்த நிறுவனத்துப் புத்தகத்துல போட்டிருந்தாங்க. போன வருசம் தோட்டத்து வேலைய மேப்பாக்குற கண்டாக்கு ஐயா கொண்டாந்து காட்டுனாரு. என் படம் ஒரு பக்கம், புள்ள படம் ஒரு பக்கம். பெத்தவளக் கூப்புடாம, புள்ளக்காம்பராவுல வளத்த ஆயாவக் கூப்புட்டிச்சாம். அது வார்த்தையே இல்ல மிஸ். காது பாக்குற கொழும்பு ஆஸ்பத்திரி மிஸ் ஒருத்தங்களே சொன்னாங்க, வாயச் சும்மா தொறந்து மூடுனா வர்ற சத்தம் அதுன்னு. என்னப் பாத்தும் அந்தச் சத்தந்தான் போடுது. நாயப் பாத்தும் அதேதான். பசிச்சாலும் அதேதான். நாய்க்கு ஏன் பொன்னாட போத்தலேன்னு கேளுங்க அவங்கள.

பிரியந்தியோட அம்மாவ நீங்க இன்னும் பாக்கலதானே. நாகலெட்சுமி. ஆறாம் நம்பர் மலையில கொழுந்தெடுக்குறா. பகலைக்கு எறங்கி வருவா, கைக்கொழந்த ஒண்ணு இருக்கு, அஞ்சு மாசம், அதுக்குப் பால் குடுக்க. புருசன் இராமையா கொழும்புல ஒரு சாப்பாட்டுக் கடையில ரொட்டி போடுறான், தீவாளிக்கும் திருவிழாவுக்குந்தான் தோட்டத்துப் பக்கம் வருவான்.

பிரியந்தி அவங்களுக்கு மொதப் புள்ள. ரெண்டாயிரத்து ஒண்ணு ஆடி மாசம் பொறந்திச்சு. மூணு மாசத்துல இவ மறுபடி மலைக்குப் போவ ஆரம்பிச்சிட்டா, புள்ள இங்க வந்திருச்சி. வெள்ளன பேரு பதியுற பெரட்டுக்குப் போற வழியில கொண்டாந்து விடுவா, சாயந்தரம் கொழுந்து நிறுத்துட்டு வந்து தூக்கிட்டுப் போவா. கண்ணு ரெண்டும் அப்பிடி ஒரு கண்ணு மிஸ். நம்ம மொகத்தையே வச்ச கண்ணு வாங்காம பாத்துக்கிட்டிருக்கும்.

ஒண்ணர வயசாச்சு, பேச்சில்ல. ரெண்டு வயசாச்சு, பேச்சில்ல. இவளுக்குப் பயம் புடிச்சிருச்சி. தோட்டத்து டாக்டரையாகிட்ட தூக்கிட்டுப் போனா, நானும் கூடப் போனேன். இப்ப இருக்குறவர் இல்ல, அதுக்கு முந்தி இருந்த ஆளு. அவன் புள்ளையத் தொடக்கூட இல்ல. சன்னலுக்கு வெளிய வெத்தலையத் துப்பிட்டு, பொம்பளப் புள்ளதானே, வாயில்லாம இருந்தா கட்டிக்கிறவனுக்கு நிம்மதின்னான். சொல்லிட்டு அவனே சிரிச்சான். வரிசையில நின்ன பொம்பளைங்களும் சிரிச்சாளுங்க. அந்தச் சிரிப்ப நெனச்சா இன்னைக்கும் எனக்குத் துப்பணும் போலதான் இருக்கு.

அப்பறம் கோயில்ல நாக்குல தேன் வச்சாங்க. அடிவாரத்து ஊரு நல்லதண்ணிக்குப் போயி, புள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு சிவனொளிபாத மலை உச்சி வரைக்கும் ஏறுனா நாகலெட்சுமி. மேல மணியடிச்சப்ப புள்ள மணியப் பாக்கலியாம், பக்கத்துல நின்ன ஒரு ஆள் கையில இருந்த பலூனப் பாத்துச்சாம். வந்து எங்கிட்டச் சொன்னா. அதுக்குப் பலூன்னா ஆச ஆயான்னு சொல்லிட்டுச் சிரிச்சா.

ரெண்டாயிரத்து அஞ்சுலதான் ஒங்க நிறுவனத்து வேன் வந்திச்சு. பள்ளிக்கூட மைதானத்துல கூடாரம் போட்டு தோட்டத்துப் புள்ளைங்களையெல்லாம் பாத்தாங்க. நாகலெட்சுமி மலையில நின்னதால நாந்தான் பிரியந்தியக் கையப் புடிச்சிக் கூட்டிட்டுப் போனேன். ஒரு சின்ன வயசு டாக்டர் பொண்ணு புள்ளைக்குப் பின்னால நின்னு ஒரு சின்ன மேளத்த அடிச்சாங்க. புள்ள திரும்பல. இன்னும் பலமா அடிச்சாங்க. வெளிய நின்ன மாடு கூடத் திரும்பிப் பாத்திச்சு, புள்ள திரும்பல. அவ்வளவுதான். அஞ்சு நிமிசம் ஆகல. எழுதி ஒட்டிட்டாங்க, ரெண்டு காதும் கேக்காதுன்னு.

காதுல மாட்டுற மிசினு குடுத்தாங்க மொதல்ல. ஆறு மாசம் போட்டுப் பாத்தோம், ஒண்ணும் இல்ல. கொழும்புக்குக் கூப்புட்டு, புள்ளையத் தூங்க வச்சி, தலையில வயரு ஒட்டிப் பாத்தாங்க. காதுக்குள்ள நத்தக்கூடு மாதிரி ஒரு எடம் இருக்காமே, அதுக்குள்ள ஒரு மெல்லிசுக் கம்பிய ஓட்டித் தச்சிட்டா நரம்புக்குச் சத்தம் போவும்னாங்க. வெளிய ஒரு மிசினு, உள்ள ஒரு மிசினு, ரெண்டையும் காந்தம் புடிச்சிக்கிரும். நம்ம சனம் நெனச்சும் பாக்க ஏலாத வெல. நிறுவனம் ஒரு புள்ளைக்குச் செய்யும், அது பிரியந்திதான்னாங்க. அது வரைக்கும் நல்லவங்கதான் மிஸ். நான் இல்லேன்னு சொல்லல. நாகலெட்சுமி நிறுவனத்து ஐயா கால்ல விழுந்தா. நானும் கண்ணத் தொடச்சிக்கிட்டேன்.

ரெண்டாயிரத்து ஆறு, ஐப்பசி மாசம் ஆப்பரேசன். புள்ளைக்கு அஞ்சு வயசு. என்னோட பழகுன புள்ளங்குறதால என்னையும் கூட வரச் சொன்னாங்க, தொரையும் லீவு குடுத்தாரு. ஒரு பக்கத்து முடிய வழிச்சிட்டு, உள்ள கொண்டு போயி, மத்தியானம் தாண்டித்தான் வெளிய கொண்டாந்தாங்க. அடுத்த கட்டில்ல ஒரு சிங்களப் பையன், குருநாகல் பக்கம், அதே ஆப்பரேசன்தான். அவனுக்கு ஒண்ணர வயசு. அவங்க அம்மா பிஸ்கட் பாக்கெட்டப் பிரிச்சா நம்ம பக்கம் நீட்டாம சாப்புட மாட்டா. அந்தப் பையன ஞாபகம் வச்சிக்கங்க, பின்னால சொல்றேன்.

தையல் பிரிக்கிறதுக்கு முந்தியே தோட்டத்துல விழா வச்சாங்க. இங்கதான், கிளப்புல. மேட எல்லாம் போட்டு, ஒரு அரசியல்காரன் வேற வந்திருந்தான். தலையில கட்டோட புள்ளைய நாற்காலியில ஒக்கார வச்சி மாலையப் போட்டாங்க, அது கட்டுல மாட்டிக்கிட்டு இழுக்குது, புள்ள நெளியுது, ஒருத்தன் மாலைய எடுக்க வரல, படம் எடுக்குறான். அப்பறம் கேக்கு கொண்டாந்தாங்க. என்னா கேக்குன்னு நெனக்கிறீங்க? காது. மனுசக் காது மாதிரியே செஞ்சி, மேல ரோசாக் கலர்ல கிரீம் பூசி. நெசமாத்தான் சொல்றேன். அந்த அரசியல்காரன் கத்திய வச்சி காத அறுத்தான். எல்லாரும் கை தட்டுனாங்க. அறுத்த துண்ட எடுத்துப் புள்ள வாயில ஊட்டுனான். அது தலையில கைய வச்சிக்கிட்டு எங்களப் பாக்குது. எனக்கும் ஒரு துண்டு தட்டுல வச்சிக் குடுத்தாங்க, காது மடல்ல ஒரு துண்டு. நான் தின்னேன் மிஸ். கூட்டத்துல எப்பிடித் துப்புறது? முழுங்கிட்டு, பின்னால தண்ணி புடிக்கிற பீலிக்கரைக்குப் போயி வாந்தி எடுத்தேன்.

ஒரு மாசம் கழிச்சி மிசின மாட்டி சத்தம் குடுக்குற நாள். கொழும்புல சின்ன ரூமு. அந்தக் காது மிஸ் மெதுவா, கொஞ்சங் கொஞ்சமாத்தான் சத்தத்தக் கூட்டணும்னு சொல்லிட்டு ஒக்காந்திருக்காங்க. நிறுவனத்து ஐயாவும் கெமராக்காரனும் செவுத்தோரமா நிக்கிறாங்க. கேட்டதும் புள்ள சிரிக்கும்னு யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க அவங்களுக்கு. மிசினப் போட்டாங்க. புள்ள சிரிக்கல. அப்பிடியே வெறச்சிப் போச்சு. அஞ்சு வருசமா ஒண்ணுமே இல்லாம இருந்த மண்டைக்குள்ள திடீர்னு யாரோ பூந்த மாதிரி ஒரு முழி. அப்பறம் ஒக்காந்த எடத்துலயே ஒண்ணுக்குப் போயிருச்சி. நாகலெட்சுமி மடியெல்லாம் நனஞ்சிருச்சி. கத்துன கத்து இருக்கே, அந்தக் கத்தும் அதுக்கே கேக்குது, கேட்டுப் பயந்து இன்னும் கத்துது.

அந்த ஐயா என்னா சொன்னாரு தெரியுமா? ஒருக்கா நிப்பாட்டிட்டு மறுபடி போடச் சொன்னாரு. படத்துல சரியா விழலியாம். நிப்பாட்டிப் போட்டாங்க. மறுபடி கத்திச்சு. இன்னொரு தடவன்னாரு. மூணாவது தடவ அந்தக் காது மிஸ் எந்திரிச்சி, சின்னப் பொண்ணுதான், இந்தா இவ்வளவு ஒசரந்தான் இருப்பாங்க, கதவத் தொறந்து ரெண்டு பேத்தையும் வெளிய போங்கன்னு சொல்லிட்டாங்க. அன்னைக்கு அந்த ரூமுக்குள்ள மனுசத்தனம்னு இருந்தது அந்தப் பொண்ணுகிட்ட மட்டுந்தான். நானும் நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன்.

அன்னைக்குச் சாயந்தரமே, திரும்பி வர்ற வழியில, ஆமிக்காரங்க பஸ்ஸ நிப்பாட்டுனாங்க. சண்ட நடந்த அந்த வருசம் கொழும்பு எப்பிடி இருந்திச்சுன்னு ஒங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. எல்லாரையும் எறக்கி வரிசையில நிக்க வச்சாங்க. எங்க அடையாள அட்டைய வாங்கிப் பாக்கும்போது ஒரு ஆமிக்காரப் பையன் கண்ணு பிரியந்தி தலையில விழுந்திச்சு. தலையில ஒரு வட்டம், அதுலருந்து வயரு, வயரு சட்டைக்குள்ள எறங்குது, உள்ள இடுப்புல ஒரு பெட்டி. நீங்களே யோசிச்சிப் பாருங்க, குண்டுன்னுதான் நெனைப்பான். அவன் ரெண்டடி பின்னால போயி துவக்க எங்களுக்கு நேராத் தூக்கிட்டான். மே மொகக்த, மே மொகக்தன்னு கேக்குறான், இது என்னா இது என்னான்னு. விசில் ஊதுறாங்க, ஆளுங்க ஓடுறாங்க. புள்ளைக்குக் காது கேட்ட மொத நாள் மிஸ் அது. மொத நாள் கேட்டது அந்தச் சத்தம்.

சட்டையத் தூக்கச் சொன்னாங்க. நாகலெட்சுமி தூக்குனா. எனக்கு சிங்களம் அந்த நேரம் ஒரு சொல்லு வரல, காதக் காட்டுறேன், ஆஸ்பத்திரிச் சீட்டக் காட்டுறேன். கொஞ்சம் வயசான ஆள் ஒருத்தரு வந்து சீட்ட வாசிச்சாரு. வாசிச்சிட்டு, அவரு காதுல ஒருக்கா விரல வச்சிப் பாத்துக்கிட்டாரு. புள்ளைக்கு சட்டைய அவரே எறக்கி விட்டாரு. போங்கன்னாரு. அந்தத் துவக்குப் பையன் கல்லு மேல ஒக்காந்து தண்ணி குடிச்சிக்கிட்டிருந்தான். சிங்களத்துல ஒரு கடுதாசி குடுங்கன்னு நிறுவனத்துகிட்ட ரெண்டு வாரமா கேட்டிருந்தோம். படத்துக்கு நேரம் இருந்திச்சு, கடுதாசிக்கு நேரம் இல்ல.

அதுக்கப்பறம் கிழமைக்கு ஒரு தடவ கொழும்பு. பேச்சுப் பயிற்சி. பயிற்சி சிங்களத்துல. தமிழ்ல சொல்லிக் குடுக்க ஆள் இல்லையாம். புள்ள ஆஸ்பத்திரியில வத்துர கேக்கணும், நாங்க குடியிருக்குற லயத்துக்கு வந்து தண்ணி கேக்கணும். எதையும் கேக்கல, பாவம். நாகலெட்சுமிக்கு கிழமைக்கு ரெண்டு நாள் பேரு போச்சு, அந்த நாள் சம்பளமும் போச்சு. கண்டாக்கு ஐயா மொகத்தச் சுளிக்க ஆரம்பிச்சாரு.

அதோட இன்னொண்ணு சொன்னாங்க பாருங்க, நிறுவனத்து ஆளுங்க. கையால பேசக் கூடாதுன்னு. கையால பேசப் பழகுனா வாய் வராதாம். நாகலெட்சுமியும் புள்ளையும் அதுக்குள்ள ஒரு கைப்பாசை கண்டுபுடிச்சி வச்சிருந்தாங்க மிஸ். கொழுந்துன்னா ரெண்டு விரல இப்பிடிக் கிள்ளும். அப்பான்னா ரொட்டியத் தட்டிப் போடுற மாதிரி காட்டும். ஆயா நான்னா, தலையில முந்தானையப் போட்டுக் காட்டும். அதையெல்லாம் நிப்பாட்டணும், கையக் காட்டுனா பாக்காத மாதிரி மொகத்தத் திருப்பிக்கணும்னு சொல்லிக் குடுத்தாங்க. சொன்னபடி கேட்டா இவ. புள்ள வந்து முன்னால நின்னு தண்ணின்னு கையக் காட்டுது, இவ மொகத்தத் திருப்புறா. சுத்தி அந்தப் பக்கம் வந்து காட்டுது, இவ இந்தப் பக்கம் திருப்புறா. கண்ணுலருந்து தண்ணி கொட்டுது, ஆனா திருப்புறா. ஒரு நாள் அந்தப் புள்ள தன்னோட கையத் தானே கடிச்சிருச்சி. ரத்தம் வர்ற அளவுக்கு. அன்னைக்கோட போதும்னு விட்டுட்டா. நான் அந்த நிறுவனத்து ஆளுங்களுக்குச் சாபம் விட்டேன், இந்த வாசல்ல நின்னு.

ஒரு வருசம் கழிச்சி மிசின சரி பாக்கப் போனோம். அங்க அந்தக் குருநாகல் பையன் வந்திருந்தான். ரெண்டர வயசு. பெஞ்சுக்கு அடியில பூந்து வெளையாடிக்கிட்டிருந்தவன், எந்திரிச்சி வந்து அவங்க அம்மா சீலையப் புடிச்சி இழுத்து, அம்மே, மட்ட வத்துர ஓனேன்னான். தண்ணி வேணும்னு. அவ்வளவு தெளிவா. பின்னாலருந்து பேரச் சொல்லிக் கூப்புட்டா திரும்புறான். நாகலெட்சுமி அந்தப் பையன் வாயையே பாத்துக்கிட்டிருந்தா. அவங்க அம்மா இந்தத் தடவையும் பிஸ்கட்ட நீட்டுனா. இவ எடுக்கல.

உள்ள போனதும் பெரிய டாக்டர்கிட்டக் கேட்டா, இராமையாவும் வந்திருந்தான் அன்னைக்கு, அவந்தான் சிங்களத்துல கேட்டான். அதே மிசினு, அதே டாக்டரு, எங்க புள்ளைக்கு மட்டும் ஏன் வரலேன்னு. அவரு நல்ல மனுசன். பொறுமையாச் சொன்னாரு. மிசினுல கொற இல்ல. மூளையில சத்தத்துக்குன்னு ஒரு எடம் இருக்கு, மொத ரெண்டு மூணு வருசம் சத்தம் வரலேன்னா அந்த எடத்த கண்ணு எடுத்துக்கிரும், அப்பறம் திருப்பிக் குடுக்காது. ஒரு வயசுல தெரிஞ்சிருந்தா மொதல்ல காது மிசினு, அப்பறம் இதுன்னு செஞ்சிருக்கலாம், இந்தப் பையன் மாதிரி வந்திருக்கும்னாரு. சொல்லிட்டு ஒரு கேள்வி கேட்டாரு. நாலு வருசமா வீட்டுல ஒருத்தருக்குமா தெரியலேன்னு.

இராமையா அதத் தமிழ்ல சொன்னான். நாகலெட்சுமி அங்கனயே தலையில அடிச்சிக்கிட்டா. நான் பாவி, நான் கொழுந்து கொழுந்துன்னு ஓடிட்டேன், பெத்தவளுக்கே தெரியலியேன்னு. இராமையா அவளத் திட்டுனான், ரூமுக்குள்ள வச்சே. நான் செவுத்துல தொங்குன காது படத்தப் பாத்துக்கிட்டு நின்னேன்.

இப்பவா? இப்ப எட்டு வயசு. தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல ரெண்டாம் வகுப்புல கடைசி பெஞ்சு. பேசாத புள்ளைங்களுக்குன்னு இருக்குற பள்ளிக்கூடத்துல கேட்டோம், மிசினு வச்ச புள்ள பேசுற பள்ளிக்கூடத்துலதான் படிக்கணும்னுட்டாங்க. மிசினுக்கு இந்த ஈரம் ஒத்துக்கல, ரெண்டு தடவ கெட்டுப் போச்சு. நிறுவனத்துக்கு எழுதிப் போட்டோம், பதிலு வரல, கலண்டருதான் வந்திச்சு. அதுல பிரியந்தி சிரிக்கிற படம். அது மிசினு போட்ட நாள் எடுத்த படம் இல்ல, கேக்கு ஊட்டுறதுக்கு முந்தி யாரோ பலூன் காட்டுனப்ப எடுத்தது.

மிசினு வேல செஞ்சா சத்தம் கேக்கும், தொழிற்சாலை சங்கு ஊதுனா காந்தத்தப் புடுங்கிட்டு ஓடும். ஆனா எது என்னா சத்தம்னு தெரியாது அதுக்கு. அம்மா கூட மறுபடியும் கையாலதான் பேசுது. அது நல்லாத்தான் பேசுது, பாத்துக்கிட்டே இருக்கலாம்.

என்னா மிஸ்? தாள்ல இன்னொரு கேள்வி இருக்கா? இவ்வளவு சொன்னப்பறமும் அத நெரப்பணுமா? சரி, வாசிங்க.

பிள்ளையின் குறைபாட்டை முதலில் அவதானித்தவர் யார், எப்போது. அதுல என் பேரையே டைப் அடிச்சிக் கொண்டாந்திட்டாங்களா. ரெண்டாயிரத்து அஞ்சு, வைகாசி, மருத்துவ முகாம்.

பேரு சரிதான். தேதிய வெட்டிருங்க. ரெண்டாயிரத்து ரெண்டு, தை மாசம். பொங்கலுக்கு மறு கிழம.

ஆமா, மூணு வருசத்துக்கு மேல முந்தி. நீங்க சரியாத்தான் கணக்குப் பாக்குறீங்க. அப்ப அதுக்கு ஆறு மாசம்.

உள்ள பால் காய்ச்சுற பெரிய தேக்சா இருக்கே, அதோட மூடி எங்கைய விட்டு சிமெண்டுத் தரையில விழுந்திச்சு. பதினாலு புள்ளைங்க அன்னைக்கு, அத்தனையும் வீல்னு எந்திரிச்சிருச்சுங்க. இது மட்டும் தூங்குது. தொட்டிலுக்குக் கீழதான் மூடி கெடந்து சுத்துது, இது தூங்குது. நான் மத்ததுங்கள ஆத்திட்டு, மூடிய எடுத்துக்கிட்டு வந்து, இது தல மாட்டுல நின்னு கரண்டியால அடிச்சேன். மூணு தடவ. மறுநாள் முழிச்சிருக்கும்போது முதுகுப் பக்கமா நின்னு அடிச்சேன். தெரிஞ்சிருச்சி எனக்கு. பத்து வயசுப் புள்ளைக்குக் கூடத் தெரிஞ்சிருக்கும்.

ஏன் சொல்லலேன்னா, பெருசா காரணம்னு ஒண்ணு இல்ல மிஸ். சொன்னா டாக்டரையா, ஆஸ்பத்திரி, கூடப் போ, வான்னு இழுத்தடிப்பாங்க. மொதல்ல அந்தச் சோம்பல்தான். அப்பறம் பழகிருச்சி. பதினாலு புள்ளையில ஒண்ணு சத்தம் கேட்டு எந்திரிக்காதுன்னா ஒரு ஆயாவுக்கு அது எவ்வளவு சுகம்னு ஒங்களுக்குத் தெரியாது. பிரியந்தி தொட்டில கதவோரமா, அடுப்புக்கிட்ட மாத்திப் போட்டேன், சத்தம் அதிகமா இருக்குற எடத்துல. அங்க வேற எந்தப் புள்ளையும் தூங்காது, இது தூங்கும். நாகலெட்சுமி சாயந்தரம் வந்து புள்ள எப்பிடி இருந்திச்சுன்னு கேப்பா. தங்கம்டி ஒம்புள்ள, தொந்தரவே இல்லேன்னு சொல்வேன். அவளுக்கு மொகமெல்லாம் மலந்துரும். டாக்டரையா சிரிச்சான்னு சொன்னேனே, அந்த வரிசையில நானும் நின்னேன். இதுக்குக் காது கேக்காதுன்னு ஒரு சொல்லு சொல்லியிருக்கலாம். அன்னைக்குச் சொல்லியிருந்தா ரெண்டு வயசு.

அந்த அலுமாரியத் தொறங்க. மேல் தட்டுல நீல அட்டைக் கொப்பி இருக்கும். ஒவ்வொரு புள்ளைக்கும் மாசா மாசம் நாங்க எழுதணும். எட, ஒசரம், தவழுதா, பல்லு வந்திச்சா. ஆறாவது வரி, சத்தம் வரும் பக்கம் திரும்புகிறதா. பிரியந்தி பக்கத்தப் பாருங்க. மாசா மாசம் சரி போட்டிருக்கும். அது எங் கையெழுத்துதான். கொண்டு போங்க, ஒங்களுக்குத்தான் அது. நான் எரிக்கலாம்னு பல தடவ எடுத்தேன், எரிக்கல.

அதுக்கப்பறம் வந்த புள்ளைங்களுக்கெல்லாம் பின்னால நின்னு தட்டத் தட்டிப் பாத்துட்டுத்தான் எழுதுறேன். நாகலெட்சுமி கைக்கொழந்தைக்கும் வந்த அன்னைக்கே தட்டிப் பாத்தேன். திரும்பிச்சு. அவளுக்கு ஏன் தட்டுறேன்னு தெரியாது, ஆயாவுக்குத்தான் எம்புள்ளைங்க மேல எவ்வளவு அக்கறன்னு லயத்துல சொல்லிக்கிட்டுத் திரிவா. ஆஸ்பத்திரியில தலையில அடிச்சிக்கிட்டாளே, இன்னைக்கு வரைக்கும் அவ அதத் தன்னோட பாவம்னுதான் நெனச்சிக்கிட்டிருக்கா. தீவாளிக்கு மொதத் தட்டுப் பலகாரம் எனக்குத்தான் வரும். அந்த அதிரசத்தத் திங்கிறப்பதான் எனக்கு நெசமாவே கொமட்டும், கேக்குத் துண்டு எல்லாம் ஒண்ணுமே இல்ல. நிறுவனத்துக்காரன் மூணு தடவ மிசின நிப்பாட்டிப் போட்டான்னு வாய் கிழியப் பேசுறேன். நான் மூணு வருசம் நிப்பாட்டி வச்சேன்.

அந்தா, கூடையோட எறங்கி வர்றா பாருங்க. இடுப்புல மழைக்குப் பச்சப் படங்கு கட்டுனவ. அவதான்.

இல்ல, எந்திரிக்காதீங்க மிஸ். ஒக்காருங்க. தனியா இருந்தா இன்னைக்கும் சொல்ல மாட்டேன், என்னைய எனக்குத் தெரியும். ஒரு ஆள் பக்கத்துல ஒக்காந்திருக்கணும்.

வா லெச்சுமி. இவங்க அட்டன்லருந்து வந்திருக்காங்க. மொதல்ல புள்ளையத் தூக்கிப் பாலக் குடு. குடுத்துட்டு ஒடனே மலைக்கு ஓடிறாத, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்.